ஏற்காட்டுச் செம்மண்ணும் நீலகிரிச் சேறும்

அன்புள்ள ஐயா,

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது ஒரு மாணவன், "பூமி எப்பவுமே மாறிக்கிட்டுதான் இருக்கு, இதுவும் அப்படித்தான்னு எங்க தாத்தா சொல்றார் டீச்சர்" என்றான். ஒரு மாணவி, "தெர்மாமீட்டரே இல்லாத காலத்துல வெயிலா குளிரான்னு யார் பார்த்தது?" என்று கேட்டாள். இரண்டுக்கும் எனக்கே திருப்தியான பதில் வரவில்லை. அடுத்த மாதம் பிள்ளைகளை ஏற்காடு கூட்டிப் போகிறோம். அங்கே எதையாவது காட்டிச் சொல்ல முடியுமா?

வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள டீச்சர்,

தாத்தா சொன்னதில் முதல் பாதி உண்மை. ஆனால் பூமி மாறியதை நமக்குச் சொன்ன அதே சாட்சிகள்தான் இப்போது நடப்பது வேறு என்றும் சொல்கின்றன. அதற்கு முன் அந்த மாணவியின் கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

ஏற்காட்டில் மேட்டு மண்ணைக் காட்டுங்கள். சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட், வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதன் உச்சிகளில் தொப்பி வைத்தது போல பாக்சைட் இருக்கிறது, அலுமினியத்துக்காக வெட்டி எடுத்தார்களே, அதேதான். அது வேறெங்கிருந்தும் வந்ததில்லை. அந்தப் பாறையே வெயிலிலும் மழையிலும் யுகக்கணக்கில் கிடந்து, சிலிக்கா மழைநீரோடு கரைந்துபோக, கரையாத அலுமினியமும் இரும்பும் மிஞ்சியது. வெப்பமும் மழையும் சேர்ந்து நீண்ட காலம் நின்றால்தான் இது நடக்கும். "ஏற்காட்டில்தான் மழை உண்டே, இதில் என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், வடக்கு அயர்லாந்தின் ஆண்ட்ரிமிலும் பாக்சைட் கிடக்கிறது என்று சொல்லுங்கள். வருடத்தில் பெரும்பகுதி ஸ்வெட்டர் இல்லாமல் நடமாட முடியாத ஊர் அது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அப்படி ஒரு வெப்பம் இருந்திருக்கிறது.

மண் இப்படிக் கோடிக்கணக்கில்தான் பேசும். ஆயிரம் ஆண்டுக் கணக்கு வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் செடிகொடிகள் மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருஞ்சேறு இருக்கிறது, மேலே புதுசு, கீழே போகப் போகப் பழசு. அடுக்கின் வயதை, காலம் போகப் போகச் சிதைந்து குறைகிற கார்பன்-14 என்ற வகை சொல்லிவிடும். அந்தக் காலத்தில் அங்கே என்ன வளர்ந்தது என்பதைச் சொல்வது கார்பன்-13. காற்றிலுள்ள கார்பனில் ஏறக்குறைய 1 விழுக்காடு இந்தக் கொஞ்சம் கனமான வகை, மீதி கார்பன்-12. சோலை மரம், காப்பி, நெல் எல்லாம் கனமானதை நிறைய ஒதுக்கிவிடும். சோளம், கம்பு, கரும்பு, இவற்றைப் போன்ற வறட்சி தாங்கும் புற்கள் அந்த அளவுக்கு ஒதுக்காது. ஆக, ஒரு பிடி சேற்றில் இரண்டு கார்பனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அங்கே அப்போது ஓங்கியிருந்தது காடா, வறண்ட நிலத்துப் புல்லா என்று தெரிந்துவிடும். யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமாரும் ஆர். ரமேஷ் உள்ளிட்டவர்களும் சேர்ந்து இதைச் செய்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் வறட்சி, 10,000 ஆண்டுகளுக்கு முன் வாக்கில் நல்ல மழை, அப்புறம் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை திரும்பவும் வறட்சி. இதில் அந்த முதல் வறட்சி விழும் காலம் எதுவென்று பாருங்கள், ஐரோப்பாவின் வடக்கும் கனடாவும் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்த அதே பனியுகம். ஊட்டிப் பக்கத்துச் சேறும் துருவத்துப் பனியும் ஒரே காலத்தைக் காட்டுகின்றன. அதனால்தான் நம்புகிறோம்.

இனி தாத்தாவுக்கு. அன்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் துளைத்து எடுத்த பனியில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழ்குமிழாக அடைபட்டிருக்கிறது. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறுவதால் பனியுகங்கள் வந்து போயின, கார்பன் டை ஆக்சைடும் கூடவே ஏறி இறங்கியது. அது அத்தனை காலத்திலும் பத்து லட்சம் பங்குக்கு 300 பங்கைத் தாண்டவே இல்லை. இன்று 420க்கு மேல். கடைசிப் பனியுகம் முடிந்தபோது சுமார் 80 பங்கு ஏறப் பல ஆயிரம் ஆண்டு ஆனது. இப்போது 200 சொச்சம் ஆண்டுகளில் 140 பங்கு ஏறிவிட்டது.

அது நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் வந்தது என்று எப்படித் தெரியும் என்றால், நீலகிரிச் சேற்றில் பார்த்த அதே கணக்குதான். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ரயிலில் வருகிற நிலக்கரி, கனமான கார்பனை ஒதுக்கிய பழங்காலச் செடிகளின் மிச்சம். அதை எரிக்க எரிக்கக் காற்றில் கார்பன்-13இன் பங்கு குறைய வேண்டும், குறைந்துகொண்டே வருகிறது. எரிமலையோ கடலோ காரணமாக இருந்தால் அது இந்த மாதிரிக் குறையாது.

கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். ஊருக்குள் போன பிறகு, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சாலைக்காக வெட்டிய மேடு ஏதாவது கண்ணில் படும். மேலே சிவப்பு மண், அதன் கீழே பாதி உதிர்ந்த பாறை, அடியில் கெட்டிப் பாறை என்று தெரிகிற இடமாகப் பார்த்து, ஆளுக்கொரு பிடி எடுத்து நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் அடுத்து என்ன கேட்டாள் என்று கட்டாயம் எழுதுங்கள்.