மதுரை மொட்டை மாடியில் பச்சைப் பட்டாணி வருமா?

செடி இடுப்பளவு வளர்ந்தது, பூவும் வந்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை, உரம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தில் குறையில்லை. மாசியில் விதைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, வில்லங்கம் அங்கேதான்.

ஓசூரில் நானும் இதையே செய்தேன். தை மாதம் சந்தையில் பட்டாணி மலிவாகக் குவிந்து கிடந்தது. சரி, இதுதான் பட்டம் போல என்று பொங்கல் முடிந்த கையோடு விதைத்தேன். அது அறுவடைக் காலம் என்பது மண்டையில் உறைக்கவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் பூவெல்லாம் காம்போடு காய்ந்து கொட்டிவிட்டது. பட்டாணி குளிருக்குப் பழகிய பயிர். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ தங்குவது கஷ்டம். தேனீ வராததுதான் காரணமோ என்றுகூட நினைத்தேன். அதுவும் இல்லை. பட்டாணிப் பூ விரியும் முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும்.

அடுத்த முறை ஐப்பசிக் கடைசியில் விதைத்தேன். அர்கெல் என்ற குட்டை ரகம், 60 நாளில் முதல் பறிப்பு. இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், மூன்று விரல் இடைவெளியில் ஊன்றினேன். முளை தலைகாட்டியதும் அணில் வந்து பாதியைத் தின்றுவிட்டது. மறுபடி ஊன்றி, பழைய கொசுவலையைப் போர்த்தினேன். யூரியா பக்கம் போகாதீர்கள். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மேலே போட்டால் இலைதான் கொழுக்கும்.

பந்தலுக்கு மூங்கில் நட்டேன், கொடி சீந்தவே இல்லை. நூல் மாதிரி மெல்லிய சுருள் அத்தனை தடித்த கம்பை எப்படிப் பிடிக்கும்? அப்புறம் விளக்குமாற்றிலிருந்து நாலைந்து ஈர்க்குச்சியை உருவிக் குத்திவைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு சுருள் ஈர்க்கை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. வீட்டில் விளக்குமாறு இளைத்ததற்குத் திட்டு வாங்கியது தனிக்கதை.

12 செடியில் மொத்தம் அரைக்கிலோகூடத் தேறவில்லை. பறித்த சில மணி நேரத்திலேயே இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும் என்பதால் செடிக்குப் பக்கத்தில் நின்றே உரித்துத் தின்றோம். குருமாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மதுரையில் மார்கழிப் பகலே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆசை விடவில்லை என்றால் கார்த்திகை பிறந்ததும் ஒரே ஒரு பையில் போட்டு, மதிய வெயில் படாத சுவரோரம் வையுங்கள். மீதிப் பைகளில் அவரையைப் போடுங்கள், உங்கள் ஊருக்கு அதுதான் தோது.