சந்தேகம்தான், இதைப் போய் யாரிடம் சொல்வது?

கேள்வி: நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஒரு குழந்தை அடிக்கடி பசியோடு வருகிறது, பெஞ்சிலேயே தூங்கிவிடுகிறது. கையில் ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது. இதையெல்லாம் போய்ச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகிவிடாதா? என் கணிப்பு தவறாக இருந்தால்?

பதில்: நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதில்லை. நீங்கள் பார்த்ததைக் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் சேர்த்தால் போதும். பராமரிப்பில்லாத குழந்தையின் நிலை ஒரே நாளில் தெரியாது. ஆசிரியைக்குப் பசி தெரியும், செவிலியருக்குத் தவறிய தடுப்பூசி தெரியும், பக்கத்து வீட்டாருக்கு இரவில் குழந்தை தனியாக இருப்பது தெரியும். மூன்றும் ஒரே மேசைக்கு வந்தால்தான் ஆபத்து புலப்படும்.

லண்டனில் 2000ஆம் ஆண்டு விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமி சித்திரவதையால் இறந்தாள். சமூகநலத் துறையினர், போலீசார், மருத்துவர்கள் என எல்லோரும் அவளைப் பார்த்திருந்தார்கள். ஒரு மருத்துவமனையில் அவள் உடலிலிருந்த தழும்புகளைச் சொறிசிரங்கு என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியை நம்பி மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் நழுவின என்று 2003இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், இடம், கண்ணால் கண்டது, குழந்தை சொன்ன சொல் அப்படியே, உடன் இருந்தவர் யார் என்று எழுதுங்கள். 'அம்மாவுக்கு அக்கறை இல்லை' என்பது உங்கள் அபிப்பிராயம். 'திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் மதிய உணவு இல்லை. வலது மணிக்கட்டில் சீழ் வைத்த புண், சென்ற வாரமும் அதே இடத்தில்' என்பது தகவல். அபிப்பிராயம் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் தனி வரியில், அபிப்பிராயம் என்றே குறித்து எழுதுங்கள். பல நாடுகளில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் இப்படித் தெரிவிப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

கேள்வி: "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கெஞ்சிவிட்டு ஒரு குழந்தை பேச ஆரம்பித்தால்?

பதில்: சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். அதை மீறியே ஆக வேண்டும், மீறினால் குழந்தை இனி யாரையும் நம்பாது. "என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு. உன்மேல தப்பே இல்ல. உன்னைப் பாதுகாக்கக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் நான் சொல்லணும்" என்று சொல்லுங்கள்.

"என்ன நடந்துச்சு, சொல்லு", "அப்புறம்?" என்பதற்கு மேல் துருவ வேண்டாம். "மாமாவா தொட்டாரு?" என்று கேட்டுவிட்டால், சின்னக் குழந்தை பெரியவருக்காகவே 'ஆமாம்' என்று தலையாட்டக்கூடும். பிறகு விசாரணையில், சொல்லிக்கொடுத்து வரவழைத்த பதில் என்று அது தள்ளப்படலாம். வேறு நாலு பேர் முன்னால் திரும்பச் சொல்ல வைப்பதும் கூடாது. சந்தேகத்துக்குரியவரை நீங்களே கூப்பிட்டுக் கேட்பது எல்லாவற்றிலும் மோசம். அன்று மாலை குழந்தை திரும்பிப் போவது அவர் இருக்கும் வீட்டுக்காக இருக்கலாம்.

பாலியல் வன்முறை அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், துணி துவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும். கழற்றிய துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதனால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது வேண்டாம்.

கேள்வி: ஓடியாடும் பிள்ளைக்கு அடிபடாமல் இருக்குமா? எந்தக் காயத்தைச் சந்தேகிப்பது?

பதில்: முழங்கால், முன்கால், நெற்றி எல்லாம் விழுந்தால் அடிபடும் இடங்கள். 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். 4 மாதமோ அதற்குக் குறைவோ ஆன சிசு என்றால், உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். தவழாத பிள்ளை தானாக மோதிக்கொள்ளாது. நிறத்தை வைத்து அடிபட்ட நாளைக் கணிக்க முயலாதீர்கள், அது மருத்துவர்களுக்கே பிடிபடாது.

ஒரு எச்சரிக்கை: நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பிலும் புட்டத்திலும் நீலச்சாம்பல் நிறத் திட்டு இருக்கும். கன்றிப்போன காயம் நாளுக்கு நாள் மாறி மறையும், இந்தத் திட்டு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பெற்றோர்மேல் அநியாயமாகப் பழி விழாதிருக்கப் பிறந்தபோதே அதைக் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ரகசியம் காப்பது தொழில் தர்மம் அல்லவா? பெற்றோரிடம் சொல்லாமல் பகிரலாமா?

பதில்: குழந்தைக்கு ஆபத்து இருக்கும்போது, அதைத் தடுக்கக்கூடியவரிடம், தேவையான அளவுக்குப் பகிரலாம். பொதுவாகப் பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே நேர்மை. சொன்னால் குழந்தைக்கு அடி விழும், குடும்பமே இடம் மாறிவிடும், தடயம் அழியும் என்று தோன்றினால் சொல்லாமலே செய்யுங்கள், காரணத்தையும் எழுதி வையுங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பகிர்தல் ஆகாது. அந்தக் குழந்தையை ஊர் வாயில் போடுவது அது.

போனில் சொன்னால் அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். கேட்டுக்கொண்டவர் பெயர், நேரம், அடுத்து என்ன செய்வதாகச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் எதுவும் நடக்கவில்லையென்றால் மறுபடி கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரிடம், அதே நோட்டோடு போங்கள்.