காவலூரில் கிடைத்த ராமானுஜன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தமிழ்நாட்டில் இருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார். எண் 4130, பெயர் ராமானுஜன். நம் கணித மேதையின் பெயர்தான். சிறுகோள்களைத் தேடுவதற்கென்றே அங்கே 'கல்கி' என்று ஒரு திட்டம் நடந்தது.

கேள்வி: பெரிய தொலைநோக்கியா?

இல்லை, 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கிதான். ஒரே படத்தில் வானத்தின் அகலமான பகுதி விழ வேண்டும், அதற்கு ஷ்மிட் அருமையானது. கொஞ்ச நேரம் விட்டு அதே பகுதியை மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டால் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும், சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும். அத்தனை புள்ளிகளுக்கு நடுவே அந்த ஒன்றைப் பிடிப்பதற்குப் பெரிய பொறுமை வேண்டும், எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுவதே இதனால்தான்.

கேள்வி: '1988 டி க்யூ 1' என்றும் எழுதுகிறார்களே?

அது தற்காலிக அடையாளம். டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி, க்யூ 1 என்றால் அந்தப் பாதியில் பதிவான 41-வது பொருள். கண்ட உடனே பெயர் வைத்துவிட முடியாது. திரும்பத் திரும்பப் பார்த்துச் சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண், அப்புறம்தான் பெயர். கண்டுபிடித்தவர் முன்மொழிவார், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அரசியல், ராணுவப் புள்ளிகள் என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கவே முடியாது, யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: ராமானுஜனுக்கு 1729-ஐக் கொடுத்திருக்கலாமே!

1729 'ராமானுஜன் எண்' என்றே பேர்பெற்றது, அதனால் எனக்கும் ஆசைதான், ஆனால் எண் வரிசைப்படிதான் வரும். 1729 என்பது 1963-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் கண்டுபிடித்த பெரில் என்ற சிறுகோள்.

கேள்வி: பூமியில் வந்து மோதுமா?

மோதாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையில் சுற்றுகிறது.

கேள்வி: இந்தியாவில் இதுதான் முதல் சிறுகோளா?

இல்லை. மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861-லேயே ஒன்றைக் கண்டுபிடித்து 'ஆசியா' என்று பெயரிட்டார். 1866-இல் அவர் கண்ட சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரிந்தது. 1885-இல் வேரா. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் இருந்து ஒன்றுமே இல்லை, அந்த நீண்ட இடைவெளியை முடித்தது காவலூர்தான்.