மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் படிப்பு

வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு வருடத்தில் ஆறு இலவச ஆன்லைன் கோர்ஸ்களில் சேர்ந்தேன். ஒன்றையும் முடிக்கவில்லை, எல்லாம் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுகிறது. குறை என்னிடமா, கோர்ஸிலா?
– கார்த்திக், திண்டுக்கல்

அன்புள்ள கார்த்திக்,

உலகம் முழுக்க இதே கதைதான். 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் திறந்துவிட்டபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்து 7,157 பேர் தேறினார்கள். எம்.ஐ.டி., ஹார்வர்ட் வகுப்புகளை அலசி 2019-ல் வந்த ஆய்வு இன்னும் கறாரானது: சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 2017–18-ல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 பேர்.

முடிக்கும் உறுதி உள்ளவர்தான் பணம் கட்டுகிறார் என்பதும் உண்மை. ஆனாலும் தேதி குறித்த பரீட்சை ஒன்று எதிரே இருந்தால் படிப்பு நகரும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் (NPTEL) ஒரே ஒரு பாடம். வீடியோவும் அசைன்மென்ட்டும் இலவசம், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு மட்டும் சுமார் 1000 ரூபாய்.

மதிப்பெண் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், பலர் விட்டுப்போவது இது தெரியாமல்தான். 12 வாரப் பாடத்தில் வழக்கமாக 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8-ன் சராசரிதான் 25 மதிப்பெண்ணுக்கு எடுக்கப்படும். அதில் 10, பரீட்சையில் 75-க்கு 30 வாங்கினால் தேர்ச்சி. அதாவது நான்கு வாரம் தவறினாலும் குடிமுழுகிவிடாது. இரண்டாவது கெடு தாண்டியதுமே "போச்சு" என்று மூடிவைப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் ஏன்? முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் அறிமுகம். அதன்பிறகு முன்பே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு வந்து நிற்கும். அணிக்கோவையோ நுண்கணிதமோ மறந்திருந்தால் அரைமணி வீடியோ இரண்டு மணி நேரம் இழுக்கும். பாடம் தொடங்கும்போதே அசைன்மென்ட் பூஜ்ஜியம் என்று ஒன்று தருவார்கள், மதிப்பெண் இல்லை என்பதால் யாரும் தொடுவதில்லை. முன்னறிவைச் சோதிக்கத்தான் அது இருக்கிறது. பாதிக்கு மேல் தப்பானால் அந்தப் பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிட்டு அடிப்படையை முதலில் பாருங்கள்.

ஆங்கிலம் வேகமாகப் போனால் எழுத்து வடிவத்தை இறக்கி வாசித்துவிட்டு வீடியோவைப் போடுங்கள். சில பாடங்களுக்குத் தமிழிலும் அது கிடைக்கிறது.

சேருமுன் உங்கள் கல்லூரியில் என்பிடெல்லைக் கவனிக்கும் பொறுப்பாசிரியரிடம் (ஸ்பாக், SPOC) ஒன்று கேளுங்கள்: இந்தப் பாடத்துக்குக் கிரெடிட் உண்டா, எந்தப் பாடத்துக்கு ஈடாக? யுஜிசி விதி 2021 முதல் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் இணையப் பாடத் தளம்) வழியாகப் படிக்க அனுமதிக்கிறது என்றாலும் உங்கள் கல்லூரி ஏற்றால்தான் அது மார்க்‌ஷீட்டில் ஏறும். பரீட்சைக்குப் பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.