வாசகர் கேள்விகள்: ஏஜியன் கடலோரத்தில் ஆகஸ்ட் மாதம்

கேள்வி: ஆகஸ்ட்டில் ஏதென்ஸுக்கும் பாரோஸ், நக்ஸோஸ் தீவுகளுக்கும் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். மழைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: வேண்டாம். ஏதென்ஸில் ஆகஸ்ட் மாதம் முழுவதும் சேர்த்தே சராசரியாகச் சுமார் 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான மழைதான் பெய்கிறது. கோடையில், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடலின் மேல் காற்று உயரத்திலிருந்து கீழிறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கும் காற்று சூடேறி உலர்வதால் மழைமேகம் திரள வழியில்லை. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியப் பருவமழை மேகங்கள் வெளியிடும் வெப்பமே, மேற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு மத்தியதரைக் கடலின் மேல் காற்று இறங்குவதை வலுப்படுத்துகிறது என்று ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை அறிஞர்கள் 1996இல் விளக்கினார்கள். மும்பையில் குடை விரியும் மாதங்களில் ஏதென்ஸில் அது பரணில் கிடப்பது தற்செயல் அன்று.

கேள்வி: அங்கே பகல் வெப்பம் 33, 34 டிகிரிதானாமே? சென்னைவாசிகளுக்கு அது ஒரு பொருட்டா?
– ஆவடி வாசகர்

பதில்: அது சராசரி மட்டுமே. 1977 ஜூலை 10ஆம் தேதி ஏதென்ஸை அடுத்த பகுதியில் 48 டிகிரி பதிவானது. 2021 ஆகஸ்ட்டில் சிசிலித் தீவின் 48.8 டிகிரி அதை முந்தும்வரை ஐரோப்பியக் கண்டத்தின் உச்சம் அதுவே. 2023 ஜூலை வெப்ப அலையின்போது ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸை நண்பகலில் மூடியே வைத்தார்கள். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். புழுக்கம் தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் தெரியும். மாதத் தொடக்கத்தில் சூரியன் மறைய இரவு எட்டரை மணி ஆகும் என்பதால், ஊர் சுற்றுவதை மாலைக்கு ஒத்திவைப்பதே நல்லது.

கேள்வி: மழையும் புயலும் இல்லாத மாதத்தில் தீவுகளுக்கான கப்பல்களை ஏன் நிறுத்துகிறார்கள்?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: மெல்தெமி என்னும் வடகாற்றுதான் காரணம். பால்கன் பகுதியின் உயரழுத்தத்திற்கும், பருவமழைத் தாழ்வழுத்தம் மேற்கே நீண்டு துருக்கிவரை எட்டுவதால் அங்கே உருவாகும் தாழ்வழுத்தத்திற்கும் நடுவே ஏஜியன் கடல் அகப்பட்டுக்கொள்கிறது. வானில் ஒரு மேகம்கூட இல்லாமலே காற்று நாள்கணக்கில் சுழற்றி அடிக்கும். காற்றின் வலிமையைக் குறிக்கும் போபோர்ட் அளவில் 8ஐ, அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை, எட்டினால் பொதுவாகப் பெரிய கப்பல்களும் துறைமுகத்திலேயே நிற்க வேண்டியதுதான்; அதிவேகப் படகுகளை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

இந்தக் காற்றைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஏதென்ஸின் கப்பற்படை வடக்கே வர முடியாத இந்தப் பருவத்தைப் பார்த்துத்தான் மாசிடோனிய மன்னர் பிலிப் தன் தாக்குதல்களை வைத்துக்கொள்கிறார் என்று ஏதென்ஸின் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ் மேடையில் குறைபட்டுக்கொண்டார். எதிர்க்காற்றில் வடக்கே போவது அன்றைய கப்பல்களுக்கு அவ்வளவு பாடு.

காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளிச் செல்வதால், ஏஜியனின் கிழக்குப் பகுதியில் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வரும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கடலோரத்தில் நடப்பதும் இதுவே. ஆகஸ்ட்டிலும் கிழக்கு ஏஜியனில் குளிக்க இறங்குபவர்களுக்கு உடல் சிலிர்ப்பது இதனால்தான்.

கப்பல்கள் நிற்கக்கூடும் என்பது கும்பகோணம் வாசகிக்கும் பொருந்தும்: தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானப் பயணத்தை வைத்துக்கொள்ளாமல், நடுவில் ஒரு நாளாவது ஏதென்ஸில் தங்கும்படி திட்டமிடுங்கள்.