90-க்கு மேல் ஸ்டீயரிங் நடுக்கம்: முதலில் பேலன்ஸிங்கைப் பாருங்கள்

நண்பரே, கார் மணிக்கு 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் போகவில்லை என்கிறீர்கள். அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், பெரும்பாலும் இப்படி நடுங்காது. எனக்குச் சந்தேகம் முன்சக்கர பேலன்ஸிங் மேல்தான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. பின்சக்கரம் என்றால் பெரும்பாலும் சீட்டில் தெரியும்.

ரிம்மின் உள்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். சமன் செய்ய ஒட்டியிருந்த சின்ன எடை விழுந்திருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். காய்ந்த சேறு அப்பியிருந்தாலும் இதே நடுக்கம்தான்; சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம், கடையில் பேலன்ஸிங் மெஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கத்திலேயே நின்று ரிம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். பள்ளத்தில் இறங்கிக் கோணிய ரிம்முக்கு எடை ஒட்டிப் பயனில்லை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் ஹைவே பக்கம் போகவே வேண்டாம், உடனே மாற்றிவிடுங்கள்.