அந்த அம்மாவின் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். வயது 27. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகப் படம் எடுத்து வருகிறேன். கையிலிருப்பது கேனன் 1500டி, அதனோடு வந்த 18-55 லென்ஸ். இந்த ஆண்டுக்கு மூன்று இலக்குகள் வைத்திருக்கிறேன்: நாள்தோறும் ஒரு படம், இரண்டு அனைத்துலகப் போட்டிகள், ஆண்டு முடிவதற்குள் இன்ஸ்டாகிராமில் 10,000 பேர். விடியற்காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டும் இடத்தில் எடுக்கும் படங்களில் முகம் சரியாக விழுவதில்லை. அதனால் தவணையில் ஒரு ஃபுல் ஃப்ரேம் (இதைவிடப் பெரிய சென்சார் கொண்ட) கேமரா, சோனி ஏ7 வரிசையில் ஒன்று, வாங்க எண்ணுகிறேன். வாங்கலாமா? என் படங்கள் ஓரிடத்திலேயே நின்றுவிட்டன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தக் கலையில் வளர்ச்சி என்பதை எதைக் கொண்டு அளப்பது? ஒரு படத்தை, திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக, இணைத்திருக்கிறேன். தலைப்பு: 'உழைப்பின் ரேகைகள்'. 600க்கு மேல் விருப்பங்கள் கிடைத்தன.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நான் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பழைய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என்ன இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த டின் மட்டும் மடியில் இல்லாமல் இருந்திருந்தால் உங்களுக்கு நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு மறந்திருப்பேன்.

கேமராவை முதலில் முடித்துவிடுவோம். வாங்க வேண்டாம். தவணை கட்டுகிறவனுக்கு ஓவர்டைம் செய்தே பொழுது போய்விடும். பிறகு விடியற்காலையில் பால்மரத்தடிக்கு யார் போவது? உங்கள் கையிலிருக்கும் கருவி 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலத்துக்குப் படம் வரும். அதைவிடப் பெரிய படத்தை மாட்ட உங்கள் வீட்டில் சுவர் இருக்கிறதா? குறை கேமராவில் இல்லை, அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸில் இருக்கிறது. அந்த லென்ஸ் 50 மி.மீ. அளவில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். பழையதாகவே வாங்குங்கள். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சிலந்தி வலைபோல அது படர்ந்திருக்கும்.

முகம் சரியாக விழாததற்கு வேறொரு காரணமும் உண்டு. பால் வெட்டுகிறவரின் நெற்றி விளக்கு மரத்தைப் பார்க்கிறது, அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தில் விழுவது பட்டையில் பட்டுத் திரும்பும் மிச்ச வெளிச்சம்தான். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதில் மரம் வெளுத்துப்போகும், விளக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நடுப்பகுதியை மட்டும் அளக்கும் முறைக்கு மாற்றி, முகத்தை அளந்து, ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவை 1600இல் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/60 நொடிக்குக் கீழே போகவிடாமல் எடுங்கள். ஒரு வாரம் செய்தால் கைவந்துவிடும்.

உங்கள் மூன்று இலக்குகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாளுக்கு ஒரு படம் என்பது கைப்பழக்கத்துக்கு நல்லது, செய்யுங்கள். போட்டிகளுக்கும் அனுப்புங்கள், வயது அப்படி. 10,000 பேரைப் பற்றி இன்ஸ்டாகிராமிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். திருத்தாத படத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, தலையில் துண்டு, மூக்குத்தி இருந்த துளையில் ஈர்க்குச்சி, இடக்கையில் பால் பிடிக்கும் மங்கு. அந்த மங்கைப் பிடித்திருக்கும் கட்டைவிரலின் நகத்தோரத்தில் உலர்ந்த பால் ஒரு நூலாகத் தொங்குகிறது. அவர் அதை உரித்து எறியப்போகும் நொடியில் நீங்கள் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். பால் வெட்டியவர்கள் எல்லாருக்கும் அந்த நூலை உரிக்கும் பழக்கம் உண்டு. என் அம்மா கோயிலில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, விரலில் ஒன்றுமே இல்லாதபோதும், உரித்துக்கொண்டே இருப்பார். இவ்வளவு நல்ல படத்தை எடுத்துவிட்டு, தம்பி, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? வண்ணத்தை எடுத்துவிட்டீர்கள். முகச் சுருக்கங்களை ஆற்றுப்பள்ளத்தாக்குபோல ஆழமாக்கினீர்கள். ஓரங்களைக் கறுப்பாக்கியதில் கையும் மங்கும் இருட்டுக்குள் போய்விட்டன. 'உழைப்பின் ரேகைகள்' என்று தலைப்பு வைத்துவிட்டு, உழைத்த கையை வெட்டிவிட்டீர்கள்!

இதைக்கூட இளமையின் ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடுவேன். என்னால் விடமுடியாதது வேறு. கடிதத்தில் கேமராவின் பெயர் இருக்கிறது, லென்ஸின் அளவு இருக்கிறது, படத்தின் தலைப்பு இருக்கிறது, விருப்பங்களின் எண்ணிக்கை இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் எங்கே? அவர் உங்கள் ஊர்க்காரர், உங்களைப் பார்த்துக் கூசாமல் நிற்கிறார், அநேகமாக உங்கள் தாத்தாவையும் தெரிந்தவராக இருப்பார். அவரிடம் பேர் கேட்கத் தோன்றவில்லையா? கேட்டிருந்தால், எழுதத் தோன்றவில்லையா?

19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் என்ற நிழற்பட நிறுவனம் இருந்தது. மலாயாவின் நிலக்காட்சிகளையும், இங்கே வாழ்ந்த மக்களை இனம் இனமாக நிறுத்தி எடுத்த படங்களையும் அது விற்றது. அந்தக் காலத்து இப்படிப்பட்ட படங்களிலும் அஞ்சல் அட்டைகளிலும் நம் பாட்டன் பாட்டிகளும் நிற்கிறார்கள். அடியில் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்றவாறு இனத்தையும் தொழிலையும் அச்சிட்டிருப்பார்களே தவிர, ஆளின் பெயர் இருப்பது அரிது. வெள்ளைக்காரன் நமக்கு அதைச் செய்தான், அவனுக்கு நாம் ஒரு வகை மாதிரி. நீங்கள் ஏன் செய்கிறீர்கள்? 'தமிழ்க் கூலி' என்பதற்கும் 'உழைப்பின் ரேகைகள்' என்பதற்கும் இடையில் நூறு ஆண்டும் கொஞ்சம் கவிதையும்தான் வித்தியாசம். உங்கள் ஊரிலிருந்து பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்குப் போயிருப்பீர்கள். 1877இல் வந்த கன்றுகளில் எஞ்சி நிற்கும் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டு, வரலாற்றை எழுதிப் பலகையும் வைத்திருக்கிறார்கள். மரத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிற நாட்டில் அதில் பால் வெட்டியவளுக்கு இல்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இந்தக் கோபம் உங்கள்மேல் அல்ல என்பதற்காகத்தான் அந்த பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1986இல் எனக்கு 23 வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஈப்போவில் ஒரு கடையில் பழைய பெண்டாக்ஸ் கே1000 வாங்கினேன். முழுக்க இயந்திரம், பேட்டரி தீர்ந்தாலும் வெளிச்சம் அளக்கும் முள் மட்டும்தான் படுத்துக்கொள்ளும், கேமரா வேலை செய்யும். ஒரு சுருளுக்கு 36 படம். சுருள் வாங்கவும் கழுவவும் ஆகும் செலவை நினைத்து, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வயிறு கலங்கும்.

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஒரு பாட்டி இருந்தார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகிற பெண்கள் விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் போட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாக ஏழெட்டு ஏணைகள் தொங்கும். பாட்டி நடுவில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். கால் கட்டைவிரலில் ஒரு கயிறு, அதை இழுத்தால் இரண்டு ஏணைகள் சேர்ந்து ஆடும். ஒருநாள் காலை, பலகைச் சுவரின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாக இறங்கி, ஆடுகிற ஏணைகளின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எஃப்/2, 1/30 நொடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஏணைகள் புகைபோல அசைந்து, பாட்டியின் முகமும் முறமும் மட்டும் கல்லாக நின்ற படம் அது. அதற்குப் பிறகு நான் எடுத்த எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

அந்தப் படத்தைப் பட்டணத்தில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பினேன், இரண்டாம் பரிசு கிடைத்தது. நான் வைத்த தலைப்பு 'தாய்மை'. செய்தி தோட்டத்துக்கு வந்ததும் பாட்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "படத்துக்கு என்ன பேரு வெச்சிருக்க, சாமி?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்குப் புள்ள இல்லியே" என்றார். தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி அது, எனக்கும் தெரிந்ததுதான். தலைப்பு வைக்கும்போது நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் நான் அப்போது பாட்டியைப் பற்றி நினைக்கவில்லை, நடுவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது, "எனக்கு ஒண்ணு கழுவிக் குடு" என்றார். அடுத்த வாரம் என்றேன். பரிசுப் பணத்தில் லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் வாங்கினேன். தீபாவளிக்குக் கேட்டார், திருவிழாவில் கேட்டார், நான் மாற்றலாகிப் போகும் நாளில் லாரிக்குப் பக்கத்தில் நின்றும் கேட்டார். பிறகு தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை எண்ணெய்ப் பனைத் தோட்டமானது, சனங்கள் சிதறினார்கள். 1999இல் பாட்டி இறந்த செய்தி கேட்டுப் போனேன். தலைமாட்டில் மாலை போட்டு வைத்திருந்த படம், அடையாளக் கார்டிலிருந்து பெரிதாக்கியது. பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கரைந்து, மேலே அரசாங்க முத்திரையின் வளைவு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். தகரக் கூரையின் வெக்கையும் மழைக்காலத்து ஈரமும் மாறி மாறிப் பட்டு, நெகடிவ் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஃபிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின். பூசணத்துக்கு அது சோறு. பாட்டியின் முகம் இருந்த இடத்தை அது தின்று முடித்திருந்தது. போட்டிக்கு அனுப்பிய ஒரே அச்சுப்படம் திரும்பி வரவேயில்லை.

அந்த டின்னைத்தான் அன்று மடியில் வைத்திருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிப் பார்ப்பது வழக்கம்.

வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கையால் எத்தனை படங்களை எடுத்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு 4ஆர் (4க்கு 6 அங்குல) படம் கழுவ ஒரு தேத்தண்ணிக் காசுகூட ஆகாது. படத்தின் பின்னால் பெயர், ஊர், தேதி, முடிந்தால் முன்பு இருந்த தோட்டத்தின் பெயர். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சிலே போதும். கொடுக்கப் போகும்போது உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். பசியாறச் சொல்வார்கள், பசியாறுங்கள். அப்போதுதான் அவர்கள் நீங்கள் முதல்முறை எடுக்காமல் விட்டதைக் காட்டுவார்கள். பரண்மேல் கிடக்கும் வாளியை, அதைத் தோளில் தூக்கும் காண்டாவை, இறந்துபோன கணவரின் சைக்கிளை. உங்கள் படங்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன என்று நண்பர்கள் சொல்வது சரிதான். ஒரே ஆளிடம் இரண்டாம் முறை போகாதவனின் படங்கள் வேறெங்கே போகும்? பினாங்கின் நிழற்படக் கலைஞர் இஸ்மாயில் ஹாஷிம் சைக்கிளையும் முடிதிருத்தும் கடையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அச்சுப்படத்தின்மேல் தம் கையாலேயே வண்ணம் தீட்டினார். எல்லாம் தெருவில் கிடந்த சாமானியப் பொருள்கள். அவையே அவருக்குப் போதுமாக இருந்தன. இதை உங்களைக் குத்துவதற்காகவே எழுதுகிறேன்.

கருவியைக் காற்றுப்புகாத அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றையும் உள்ளே போட்டு, முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படக்கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலாவது வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில் வேண்டாம், அக்கா வீட்டில் இருக்கட்டும். தகரக் கூரைக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள்.

வழக்கமாக வாசகர் அனுப்பும் படத்தையும் இந்தப் பக்கத்தில் வெளியிடுவேன். உங்களுடையதை இப்போது வெளியிடவில்லை. திருத்தாத படத்தைக் கழுவி, அடுத்த விடுமுறை நாளில் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதை இங்கே போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். சரி என்றால் அவர் பெயரை எழுதி அனுப்புங்கள், அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, மங்கும் விரலும் தெரியும்படி, வண்ணத்தில் போடுகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.